அக்சஸ் டினைடு: பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஃபோல்டரைத் திறக்க எந்த வழி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. புது எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் 11 ஏற்றியாயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவது டிரைவாக மாட்டியாயிற்று. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைச் சொடுக்கினால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று முகத்தில் அடிக்கிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு அதற்குள் இருப்பது பில் கணக்கும் டிசைன் படங்களும். அம்மாப்பேட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவருக்கு டிஸ்க் நிறையப் படங்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆட்களின் சம்பளக் கணக்கு. மூவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஓனர்ஷிப்பை மாற்றுவதா, பர்மிஷனை மட்டும் மாற்றினால் போதுமா, 'எவ்ரிஒன்' என்று எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா, இல்லை வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிடுவதா?

மூவருக்கும் ஒரே பதில் சரிவராது. ஆனாலும் என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு, கடைக் கணினிகளில் பெரும்பாலும் ஓனர்ஷிப்பைத் தொடவே தேவையில்லை. காப்பி எடுத்தால் வேலை முடிந்தது.

## எதனால் பூட்டிக்கொள்கிறது

விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு விவரம் சேர்ந்தே இருக்கும். யாருக்கு உரியது என்பது ஓனர்ஷிப்; யார் யார் என்ன செய்யலாம் என்பது பர்மிஷன். பட்டா யார் பேரில் இருக்கிறது, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பது போலத்தான். பட்டாதாரர் நினைத்தால் புதுச் சாவி வெட்டிக்கொள்ளலாம். அதனால் கையில் சாவி இல்லாவிட்டாலும் ஓனர் பர்மிஷனை மாற்றிக்கொள்ள முடியும்.

இங்கே பலரும் தடுமாறுவது பெயரில். பழைய கணினியிலும் 'ஆபீஸ்', புதியதிலும் 'ஆபீஸ்' என்று கணக்கு வைத்திருப்பார்கள். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது. புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது அந்த எண் மாறிவிடும். பழைய ஓனர் இப்போது 'அக்கவுன்ட் அன்னோன்' ஆகிவிடுகிறார்.

டி டிரைவில் நேரடியாக உருவாக்கிய ஃபோல்டர்கள் மட்டும் சிக்கல் இல்லாமல் திறப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்', 'யூசர்ஸ்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' போன்ற பொதுக் குழுக்களின் எண் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றே. டேட்டா டிரைவுகளுக்கு வழக்கமாக அந்தக் குழுக்களுக்கே அனுமதி இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில் குறிப்பிட்ட ஒரு பயனருக்குள் இருப்பதால் அவைதான் மாட்டிக்கொள்கின்றன.

ஆக, டேட்டா எங்கும் போய்விடவில்லை. இதற்குப் போய் 'டேட்டா ரெக்கவரி' என்று யாராவது சில ஆயிரம் கேட்டால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

## முதலில் நோயைச் சரியாகப் பாருங்கள்

அனுமதிச் சிக்கல் போலவே தெரியும் வேறு சில உண்டு. டிரைவ் மேலேயே பூட்டுப் படம் இருந்து, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் அது பிட்லாக்கர், டிரைவ் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் குறியாக்கம்; அந்த எண் இல்லாமல் கீழே சொல்லும் எந்த வழியும் பலிக்காது. பழைய விண்டோஸில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கலாம், அங்கே தேடுங்கள். தனித்தனி ஃபைல்களின் மேல் பூட்டுப் படம் இருந்தால் இஎஃப்எஸ் குறியாக்கம். பழைய கணக்கின் சான்றிதழ் வேண்டும், ஓனரை மாற்றி ஒரு பயனும் இல்லை. ஃபோல்டர் நன்றாகத் திறக்கிறது, ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் சேமிக்க முடியவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் பாதுகாப்புக்கான 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள்.

ப்ராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி கட்டத்தில் ஒரு சதுரம் நிரம்பியிருக்கும். எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வந்து நிற்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

டேட்டா இருந்த இடத்திலேயே இருந்தாக வேண்டுமா, இடம் மாறலாமா என்பது முதல் கேள்வி. பாதி பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்தது, அந்த டிஸ்க் திரும்பப் பழைய கணினிக்கோ வேறொருவர் கணினிக்கோ போகுமா என்பது. ஓனரை மாற்றிவிட்டு அனுப்பினால் அங்கே அவருக்குப் பூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது டிஸ்க்கின் உடல்நிலை. பர்மிஷன் மாற்றம் என்பது ஒவ்வொரு ஃபைலின் பதிவிலும் எழுதும் வேலை. டிக் டிக் என்று சத்தம் போடும் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான ஃபைல்களுக்கு எழுதச் சொல்வது விஷப்பரீட்சை. அங்கே படிப்பது மட்டும்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், தப்பாகிவிட்டால் பின்வாங்க முடியுமா, அந்தக் கணினியை இன்னும் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற இரண்டும். இருக்கும் வழிகள் இவை; ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன்.

| வழி | டிஸ்க்கில் எழுதுமா | பின்வாங்க முடியுமா | யாருக்கு |
|---|---|---|---|
| கன்டினியூ பொத்தான் | எழுதும் | கையால் நீக்கலாம் | ஒரே ஃபோல்டரை எட்டிப் பார்க்க |
| செக்யூரிட்டி டேப் | எழுதும் | கஷ்டம் | டேட்டா அங்கேயே இருக்க வேண்டியவர்க்கு |
| டேக்ஓன், ஐகாக்ல்ஸ் | எழுதும் | கஷ்டம் | கட்டளை பழகியவர்க்கு |
| ரோபோகாப்பி | பழைய டிஸ்க்கில் எழுதாது | தேவையே இல்லை | பெரும்பாலோர்க்கு |
| லினக்ஸ் பென் டிரைவ் | படிக்க மட்டும் எனில் எழுதாது | தேவையே இல்லை | விண்டோஸே எழாதபோது |
| எவ்ரிஒன் | எழுதும் | கஷ்டம் | எனக்குத் தெரிந்து யாருக்கும் வேண்டாம் |

## கன்டினியூ பொத்தான்

"நிரந்தரமாக அனுமதி பெற கன்டினியூ அழுத்தவும்" என்று வரும் பெட்டியை யோசிக்காமல் எல்லோரும் அழுத்துகிறோம். அட்மின் கணக்காக இருந்தால் பல நேரம் திறந்தும் விடும். இல்லாவிட்டால் செக்யூரிட்டி டேபுக்குப் போகச் சொல்லும்.

'நிரந்தரமாக' என்பதைச் சும்மா சொல்லவில்லை. அந்த ஃபோல்டரின் பட்டியலில் உங்கள் கணக்கு ஏறிவிடுகிறது. நாளைக்கு உங்களை அட்மின் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டாலும் அந்தச் சாவி உங்களிடமே இருக்கும். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையில் ஒரே கணினியில் இரண்டு கணக்கு இருக்கும்போது, ஒரு தடவை அவசரத்துக்கு அடுத்தவர் ஃபோல்டரைத் திறந்தது பல வருஷத்துக்குத் திறந்தே கிடக்கும். சொந்தப் பழைய டிஸ்க் என்றால் கவலையில்லை, அழுத்தலாம்.

## செக்யூரிட்டி டேப் வழியாக ஓனரை மாற்றுவது

ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். மேலே ஓனர் வரியில் 'சேஞ்ச்'. உங்கள் பெயரைத் தட்டி 'செக் நேம்ஸ்' கொடுத்தால் அடிக்கோடு விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் தட்டிய பெயர் கணக்கின் உண்மையான பெயர் இல்லை. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'ஹூ ஆம் ஐ' என்பதை ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டினால் சரியான பெயரைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மின்னஞ்சல் முகவரியையே கொடுத்தும் பார்க்கலாம்.

அப்புறம் இரண்டு டிக் பெட்டிகள். ஓனர் வரிக்குக் கீழே இருப்பது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் ஓனரை மாற்றும். அது வேண்டும். ஜன்னலின் அடியில் இருக்கும் 'ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட் பர்மிஷன்' வேறு ஜாதி. உள்ளே தனித்தனியாக வைத்திருந்த அனுமதிகளை எல்லாம் துடைத்துவிட்டு மேல் ஃபோல்டரின் அனுமதியைப் பூசிவிடும். ஒரே ஆள் கணினியில் சரி. நாலு பேர் ஃபோல்டர் இருக்கும் இடத்தில் கைவைக்காதீர்கள்.

ஓனரை மாற்றிவிட்டு எல்லா ஜன்னலையும் மூடித் திரும்பத் திறந்து, உங்கள் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு "ஓனரை மாற்றியும் திறக்கவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

வெளியே தெரியாத செலவு நேரம். ஃபைல் அளவு பெரிதா என்பது இதில் பொருட்டில்லை, எண்ணிக்கைதான் கணக்கு. ஏற்காட்டில் ஐப்பசி கார்த்திகை மழையில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாத கணினியில் பாதியில் நின்றால், பாதி ஃபோல்டர்களுக்குப் புது ஓனர், மீதிக்குப் பழைய ஓனர். கெட்டுப்போகாது, ஆனால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

டிரைவ் முழுவதற்கும் ஒரேயடியாகக் கொடுக்கும் ஆசை வரும். பழைய சி டிரைவில் அதைச் செய்யவேண்டாம். தேவையான ஃபோல்டரை மட்டும் எடுங்கள்.

## கட்டளையும், ரைட் கிளிக் மெனுவும்

டேக்ஓன் ஓனரை மாற்றும், ஐகாக்ல்ஸ் பர்மிஷனை மாற்றும். மேலே சொன்ன அதே வேலைதான், வேகமாக. வேகமே இதன் ஆபத்தும்: ஒரு எழுத்து மாறி இ டிரைவுக்குப் பதில் சி டிரைவ் என்று தட்டினால் நிறுத்துவதற்குள் பாதி ஓடிவிடும். இன்னொன்று, பயனர் ஃபோல்டருக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா', 'மை மியூசிக்' என்று சில இருக்கும். அவை ஃபோல்டரே இல்லை. வேறு இடத்தைச் சுட்டும் பலகைகள். வேண்டுமென்றேதான் பூட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் திற என்று கட்டளை ஓட்டினால் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும்.

ஐகாக்ல்ஸில் ஒரு நல்ல வசதி உண்டு. மாற்றுவதற்கு முன் /சேவ் என்று கொடுத்தால் பழைய பர்மிஷன் பட்டியலை ஒரு ஃபைலில் எடுத்து வைக்கும், /ரெஸ்டோர் கொடுத்துத் திரும்பப் போடலாம். ஆனால் பழைய ஓனர் யார் என்பது அதில் சேராது.

ரைட் கிளிக்கில் 'டேக் ஓனர்ஷிப்' என்று மெனு சேர்த்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்கள் நெட்டில் கிடைக்கின்றன. பின்னால் ஓடுவது இதே இரண்டு கட்டளைகள்தான். நாளெல்லாம் இதே வேலையாக இருக்கும் சர்வீஸ்காரருக்குச் சரி. வீட்டுக் கணினியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் தூரத்தில் அந்த மெனு எதற்கு?

## காப்பி எடுப்பது: ரோபோகாப்பி

காப்பி செய்த ஃபைல், போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். உங்கள் புது டிரைவில் உங்கள் ஃபோல்டருக்குள் வந்து விழுந்தால் அது உங்களுடையது. பழைய டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அடுத்த மாதம்கூடத் திரும்பப் பார்க்கலாம். இதனால்தான் இது எனக்குப் பிடித்த வழி.

"திறக்கவே முடியவில்லையே, எப்படிக் காப்பி செய்வது?" விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பிக்கு பேக்கப் முறை என்று ஒன்று உண்டு. அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓட்டினால், பர்மிஷன் இல்லாத ஃபைலையும் பேக்கப் உரிமையில் படித்துவிடும். கட்டளையின் வடிவம் இது. தட்டும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்:

ரோபோகாப்பி "இ:\யூசர்ஸ்\ஆபீஸ்\டாக்குமென்ட்ஸ்" "டி:\பழைய கணக்கு" /இ /பி /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

/இ என்றால் உள் ஃபோல்டர்களையும் சேர்த்து. /பி பேக்கப் முறை. /எக்ஸ்ஜே மேலே சொன்ன சுட்டுப் பலகைகளை ஒதுக்கிவிடும். கடைசி இரண்டும் மிக முக்கியம்: படிக்க முடியாத ஃபைலை ஒரே ஒரு முறை மட்டும் மறுபடி முயன்று, ஒரு விநாடி பொறுத்து, மேலே போ என்று அர்த்தம். இதைச் சொல்லாவிட்டால் ரோபோகாப்பியின் இயல்பு பத்து லட்சம் முறை முயல்வது, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி இடைவெளி விட்டு. ஒரு கெட்டுப்போன ஃபைலில் விடிய விடிய நின்றுகொண்டிருக்கும்.

/மிர் என்பதை மட்டும் தெரியாமல் சேர்த்துவிடாதீர்கள். பழையதில் இல்லாதவற்றைப் புதியதில் அழித்துவிடும். /காப்பிஆல் சேர்த்தால் பழைய பூட்டும் கூடவே வந்துவிடும், செய்த வேலை வீண். இ:\ என்று மட்டும் கொடுத்து டிரைவின் மேல்மட்டத்திலிருந்து நேராகக் காப்பி செய்தால் சேரும் ஃபோல்டர் மறைந்து போகும் வினோதமும் உண்டு. அதனால் உள்ளே இருக்கும் ஒரு ஃபோல்டரிலிருந்து தொடங்குங்கள்.

செலவு என்று பார்த்தால் இடம். 500 ஜிபி டேட்டாவுக்கு இன்னொரு 500 ஜிபி வேண்டும். நேரமும்: விநாடிக்கு 100 எம்பி போகும் யுஎஸ்பி 3 இணைப்பில் அது ஒன்றரை மணிக்குள் முடியும், பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் 30 எம்பி என்றால் நாலரை மணிக்கு மேல். பொடிப்பொடி ஃபைல்கள் என்றால் இன்னும் இழுக்கும்.

மற்றொரு செலவு பலருக்கும் பின்னால்தான் உறைக்கும். இரண்டு பிரதி இருக்கும், எது கடைசி என்று குழப்பம் வரும். காப்பி முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வைத்துவிடுவது நல்லது.

கட் செய்து பேஸ்ட் செய்வது இதற்கு ஈடாகாது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் வழக்கமாகப் பழைய அனுமதியோடேயே வந்து சேரும்.

## லினக்ஸ் பென் டிரைவ்

லினக்ஸ் மின்ட், உபுண்டு எதுவானாலும் 8 ஜிபி பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே ஓட்டலாம். என்டிஎஃப்எஸ் டிரைவை லினக்ஸ் வழக்கமாகத் திறக்கும் முறையில் விண்டோஸின் அனுமதிப் பட்டியலை அது சட்டை செய்வதில்லை, எல்லாமே தெரியும். பழைய விண்டோஸை 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருக்கும்போது அணைத்திருந்தால் டிரைவ் படிக்க மட்டும் திறக்கலாம், அல்லது திறக்க மறுக்கலாம். படிக்க மட்டும் என்றால் நமக்கு அதுவே போதும்.

விண்டோஸே எழாத கணினிக்கு இதுதான் கைகொடுக்கும். விண்டோஸ் நன்றாக ஓடும்போது இதற்காக லினக்ஸ் பழக வேண்டியதில்லை.

## எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல்

வீடியோக்களில் அதிகம் சொல்லப்படும் வழி இது. வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்ரிஒன் என்றால் அந்தக் கணினியில் உள்ள எல்லாக் கணக்கும், கெஸ்ட் உட்பட. அந்த ஃபோல்டரைக் கடை வைஃபையில் ஷேர் செய்து, பாஸ்வேர்டு கேட்பதையும் நிறுத்தி வைத்திருந்தால், பில் போட வந்தவர் லேப்டாப்பிலிருந்தும் அழிக்கலாம். குடும்பத்துக்குப் பொதுவான ஃபோல்டர்தான் வேண்டும் என்றால் விண்டோஸில் 'பப்ளிக்' ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதில் போட்டால் போதும்.

## கேட்ட மூவருக்கும்

கொலுசுப் பட்டறைக்காரர் ரோபோகாப்பியில் போகலாம். டேட்டா சிறிது, டிஸ்க் பழையது, திரும்பப் பழைய கணினிக்குப் போகப்போவதில்லை.

ஆல்பம் டிசைனருக்கு நிலைமை வேறு. அவ்வளவு படத்தையும் காப்பி செய்ய இடம் இல்லை. அதோடு டிசைன் ஃபைல்கள் படங்களை இருக்கும் பாதையை வைத்துத்தான் தேடும். இடம் மாறினால் ஒவ்வொரு பக்கத்திலும் 'படம் காணோம்'. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்கிறார். அவர் செக்யூரிட்டி டேப் வழியாகப் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் ஓனரை மாற்றிக்கொள்ளட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய டிரைவ் எழுத்தையே திரும்பக் கொடுத்தால் பாதையும் பெரும்பாலும் ஒத்துவரும். வாடிக்கையாளருக்கு இன்னும் ஒப்படைக்காத கல்யாணங்களை மட்டுமாவது முதலில் தனியே காப்பி எடுத்துக்கொள்வது நல்லது.

எஸ்டேட்காரரின் பிரச்சினைதான் சுவாரசியமானது. அவருடைய எக்ஸ்டர்னல் டிஸ்க் மாதாமாதம் மலையிலிருந்து இறங்கி சேலத்தில் ஆடிட்டர் கணினிக்குப் போய்த் திரும்பி வருகிறது. இங்கே ஓனரை மாற்றினால் அங்கே பூட்டலாம், அங்கே மாற்றினால் இங்கே பூட்டலாம். முன்னே சொன்ன பொதுக் குழு இவருக்குத்தான் உதவும். கணக்கு ஃபோல்டரில் ஒருமுறை 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவைச் சேர்த்து 'மாடிஃபை' கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் அது இறங்கும்படி செய்துவிட்டால் இரண்டு கணினியிலும் திறக்கும். டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மேட் முறைக்கு மாற்றலாமே என்றும் கேட்டார். அதில் பர்மிஷன் என்பதே கிடையாது, தொல்லை விட்டது. ஆனால் என்டிஎஃப்எஸ் போல எழுதுவதைக் குறித்துவைக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலோ வயரைப் பிடுங்கினாலோ சேதம் அதிகம். மலை மேல் இருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியை விட்டு வெளியே போன டிஸ்க்கைப் பர்மிஷன் காப்பாற்றாது. ஏற்காடு பஸ்ஸில் மறந்து விட்டுவிட்டு இறங்கினால், எடுத்தவர் தன் கணினியில் அட்மினாக இருந்தாலே போதும், மேலே சொன்ன எல்லா வழியும் அவருக்கும் திறந்திருக்கிறது. ஆட்களின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தால் பிட்லாக்கர் போட்டு, 48 இலக்க எண்ணை ஆபீஸிலேயே ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

## தொடக்கூடாதவை

ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவில் விண்டோஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ், விண்டோஸ்ஆப்ஸ் ஆகியவற்றில் பல ஃபைல்களுக்கு ஓனர் 'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு. அட்மினுக்கே அங்கே முழு உரிமை கிடையாது. அப்டேட்டுகள் ஒழுங்காக நடப்பதற்கான ஏற்பாடு அது. அங்கே ஓனரை மாற்றினால் அடுத்த அப்டேட்டிலோ ஸ்டோர் ஆப் திறக்கும்போதோதான் பிரச்சினை தலைகாட்டும், அதற்குள் என்ன செய்தோம் என்பது மறந்திருக்கும்.

பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டரை அழித்து இடம் பிடிக்க ஓனர்ஷிப் எடுப்பவர்களும் உண்டு. வீண் வேலை, டேட்டாவை எடுத்துவிட்டு டிரைவை ஃபார்மேட் செய்தால் நிமிஷத்தில் முடியும். அதே டிரைவில் மேம்படுத்தியவர்களுக்கு 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் நிற்கும். அதையும் கையால் அழிக்க வேண்டாம், செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியிலேயே நீக்கலாம். நீக்காவிட்டாலும் மேம்படுத்திய 10 நாளில் விண்டோஸ் தானே அழித்துவிடும். அதற்குள் ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.